மாசி வரைக்கும்

ஜூன் 21

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. போன் செய்தால் அனுப்பிவிட்டோம் சார் என்கிறான். எந்த ஊருக்கு அனுப்பினாய் என்று கேட்டேன், வைத்துவிட்டான்.

மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாய் வற்றலை வல்லி இன்னும் அள்ளவில்லை. மறந்துபோச்சு என்கிறாள். சுந்தரவல்லி மறக்கிற ஆள் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள். கடைசியில் நானே ஏறி அள்ளினேன். சாயங்காலம் வரை தும்மல்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் கோதை பேசினாள். வாந்தி குறைந்திருக்கிறதாம். ஜனவரியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வல்லி போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அம்மாவும் மகளும் பேசுவதில் நான் கேட்கக்கூடாதது என்ன இருக்கிறது?

ஜூன் 24

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். இந்தக் கடம்பவனம் ஏறினால் பெட்டியே எழுந்து உட்காரும் என்பார்கள். டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்க டிக்கெட்டைக் கேட்கவே வேண்டாம். ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். ஒருவன் தூங்குவதுபோல் கிடப்பான். இன்னொருவன் வாங்க சார், உட்காருங்க சார் என்று உபசரிப்பான். கொஞ்ச நாளாக என் மனைவி இந்த மூன்றையும் செய்கிறாள்.

இன்று காபியோடு முறுக்கும் வைத்தாள். நான் கேட்கவே இல்லை. என்ன விசேஷம் என்றேன். சும்மாதாங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படுக்கும்போது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, உட்கார்ந்த மாதிரியே தூங்குகிறாள். கண் விழித்தால் நேரே வாசல் கதவு தெரியும். யாரை எதிர்பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 28

இன்று பிடித்துவிட்டேன்.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் அவள் ஒரே ஆளிடம்தான் பேசுவாள். அவளுடைய தம்பி சோலைமலை. சிம்மக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. அவன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் திண்டுக்கல்லில் டிக்கெட் எடுக்காமல் ஏறினான். என்னைப் பார்த்ததும் மாமா என்று பல்லைக் காட்டினான். ரயிலில் மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது. அபராதம் போட்டு ரசீது கிழித்துக் கொடுத்தேன். அந்த ரசீதைக் கல்யாணப் பந்தலில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினான். அன்றோடு முடிந்தது. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டது இவ்வளவுதான்:

"ஆடியில வேணாம்டா தம்பி. ஆவணியில வச்சுக்கிருவோம். மாசி வரைக்கும் தாங்காதாம்ல... மாமாகிட்ட மட்டும் சொல்லிறாத."

வெளியூர்க்காரன் கேட்டிருந்தால் மாதக்கணக்கு என்று நினைத்து ஏமாந்திருப்பான். நான் மேல மாசி வீதியில் பிறந்தவன். மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி, மாசி எல்லாம் காலால் நடக்கிற இடங்கள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாக நாலு சதுரம். சித்திரைத் திருவிழாத் தேரே எங்கள் ஊரில் மாசியில்தான் ஓடும். ரயில்வேக்குப் போன நாளிலிருந்து எனக்கு ஜனவரி, பிப்ரவரி தவிர வேறு மாதம் தெரியாது. தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது, நாள் பார்ப்பது எல்லாம் வல்லியின் இலாகா.

ஆக, விஷயம் வெட்டவெளிச்சம். அக்காவும் தம்பியும் எனக்குத் தெரியாமல் எங்கோ கூடப்போகிறார்கள். ஆடி வீதி வேண்டாம், கோயிலுக்குள் செல்போனை விடமாட்டார்கள். ஆவணி மூல வீதியில் வைத்துக்கொள்ளலாம். மாசி வீதி வரைக்கும் நடக்கத் தாங்காது, கால் வலி என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் அல்லவா. ஒரே ஒரு சிக்கல். எந்த ஆவணி? திசைக்கு ஒன்றாக நாலு இருக்கிறது.

ஜூன் 29

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. பழங்காநத்தத்தில் இந்த வீடு நிற்கிற மனை மாமனார் வாங்கிக் கொடுத்தது. பத்திரம் வல்லியின் பெயரில் இருக்கிறது. சோலைமலைக்கு அதில் ஒரு கண். அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளையும் தன்னோடு கூட்டிப்போய்விடுவான். ரசீதுக்குப் பழி.

வீடு போனால் போகட்டும். அவளும் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே கோபம் வந்துவிட்டது.

பீரோ சாவியை இடம் மாற்றி வைத்தேன்.

ஜூலை 1

அவள் கால் விரல்களில் மெட்டி இல்லை.

நான் போட்ட மெட்டி. அம்மிமேல் காலைத் தூக்கி வைத்துப் போட்டது. பிரசவத்தில்கூடக் கழற்றாதவள். கேட்டேன். "வெள்ளி கறுத்துப்போச்சுங்க. பாலிஷ் போடக் குடுக்கணும்" என்றாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அடுக்களையில் தேடினேன். கடுகு டப்பாவுக்குள் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். பளபளவென்று இருக்கிறது.

புருஷன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும்போதே மெட்டியைக் கழற்றுகிறவள் மனதில் என்ன தீர்மானம் இருக்கும்? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒன்றும் தெரியாதவன்போல் சாப்பிட்டேன். வெண்டைக்காய்க் குழம்பில் உப்பே இல்லை. இதுவும் ஒரு வாரமாக நடக்கிறது. எனக்குத் தனியாக உப்பு ஜாடியை நகர்த்தி வைக்கிறாள்.

ஜூலை 3

கேட்டுப் பயனில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த முக்கில் முகம் மாறுகிறதோ அதுதான் இடம்.

சனிக்கிழமை டவுனுக்குப் போய் நாலு வீதியும் நடந்து பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். எங்கிருந்தோ வெள்ளைக்காரன் வந்து படம் பிடிக்கிறான், உள்ளூர்க்காரர்கள் நாம் பார்த்ததில்லை என்றேன்.

"நெசமாவா? நீங்களும் நானுமா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து நெசமாத்தானே என்று கேட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து அரக்கு நிறச் சுங்குடிப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். நன்றாக நடிக்கிறாள்.

ஜூலை 5

பெரியார் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் நெற்றியில் வியர்வை. மல்லிகைப்பூ வைத்திருந்தாள். டவுன்ஹால் ரோடு வழியாக மேல மாசி வீதிக்கு வந்தோம். நான் பிறந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மாடியில் மரச்சட்டம் போட்ட பழைய ஜன்னல் ஒன்று மட்டும் மிச்சம். அந்த ஜன்னலில் நின்றுதான் தேர் பார்ப்போம் என்று காட்டினேன். வல்லி ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். அந்த ஜன்னலில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை. யாருக்கோ அடையாளம் காட்ட நிற்கிறாளோ என்று சுற்றிலும் பார்த்தேன். ஒரு தள்ளுவண்டிக்காரன் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலக் கோபுரத்தில் செருப்பையும் செல்போன்களையும் கொடுத்தோம். போனை நீட்டும்போது அவள் கை தயங்குகிறதா என்று கவனித்தேன். தயங்கவில்லை. ஆடி வீதியில் மதில் நிழல் விழுந்து கல்தரை குளிர்ந்து கிடந்தது. வல்லி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். சாமி பார்க்கப் போகலாமா என்றேன். கூட்டமாக இருக்கிறது, இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். மீனாட்சியை மதிலோரம் உட்கார்ந்து கும்பிடுகிற ரகம் இல்லை அவள். கர்ப்பக்கிருகத்துக்கு நேரே நின்று அர்ச்சகரிடம் சண்டை போடுகிறவள். கோபுரத்துச் சுதைப் பொம்மைகளில் ஒன்று மட்டும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று காட்டினாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

வெளியே சித்திரை வீதியில் பேட்டரி வண்டி காலியாக வந்தது. அவள் அதைப் பார்த்தாள். அது வயதானவர்களுக்கு என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். பின்னாலேயே வந்தாள்.

பிறகு ஆவணி. மேல ஆவணி மூல வீதியில் அவள் முகத்தில் ஒன்றுமில்லை. பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வீட்டின் உச்சியில் சுண்ணாம்பில் செய்த இரண்டு கிளிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நிற்கிறான். கீழே உள்ளாடைக் கடை. "காவலுக்கு நிக்கிறான் பாருங்க" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து நிற்க நேரமாயிற்று.

வடக்கு ஆவணி மூல வீதியில் திரும்பியதும் சிக்கினாள். குறுகலான மூன்று மாடிக் கட்டடம். முன்னால் வந்ததும் தானாகவே நின்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினான். "உக்காருங்கம்மா. மெதுவா போலாம்." என் மனைவியை அவனுக்கு எப்படித் தெரியும்? பெயர்ப்பலகைகளைப் படித்தேன். கீழே நகைப் பட்டறை. முதல் மாடியில் வக்கீல், நோட்டரி பப்ளிக். அதற்கு மேல் ஏதோ லேப், இருதயப் படம் போட்டிருந்தது. நோட்டரி! இதுதான் ஆவணி.

யார் அவன் என்று கேட்டேன். தாகம் என்று நினைத்திருப்பான், நல்ல மனுஷன் என்றாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தொட்டு உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். காலையிலிருந்து அவள் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. குற்ற உணர்ச்சி இருந்தால் தொண்டையில் இறங்காது.

கீழ ஆவணியும் தெற்கு ஆவணியும் அவளை விடாமல் நடத்தினேன். தெற்கு ஆவணி முழுக்க நகைக்கடைகள். ஒரு கடையில் வெள்ளி மெட்டித் தட்டு வெளியில் தெரிந்தது. "இதுல கொஞ்சம் லூசா, பெருசா இருக்கானு கேளுங்களேன்" என்றாள். உன் மெட்டி பாலிஷுக்குத்தானே போகிறது, புதிது எதற்கு என்றேன். தட்டையே பார்த்தாள். பிறகு வேணாம், வாங்க என்றாள்.

அங்கிருந்து விளக்குத்தூண் பக்கம் வந்தோம். பத்துத்தூண் சந்துக்குள் நான் நுழைந்து பல வருஷம் ஆகிறது. நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய தூண்கள், நாலு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். ராஜா போய்விட்டார், ராணி போய்விட்டாள், தூணடியில் நைட்டி தொங்குகிறது. வல்லி ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நைட்டிக்காரப் பெண் வாங்கலையா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் துணிகளை ஒதுக்கி இடம் விட்டாள்.

"கல்லு சில்லுனு இருக்குங்க. கொஞ்சம் நிப்போம்."

ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை என் டம்ளரில் ஊற்றினாள். கீழ மாசி வீதியில் தேர் தகரக் கொட்டகைக்குள் நின்றது. சின்னப் பெண்ணாக அப்பா தோளில் உட்கார்ந்து இங்கேதான் தேர் பார்த்தாளாம். இவ்வளவு பெரிய தேரை முக்கில் எப்படித் திருப்புவார்கள் என்று கேட்டாள். சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகுவார்கள், அதில் முட்டித்தான் தேர் திரும்பும், நிற்பதும் அதனால்தான் என்று விளக்கினேன்.

"நீங்க கேள்வி கேக்குற மாதிரி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். திரும்புவதற்கு ஆட்டோ பிடிப்போமா என்று கேட்டாள். மாசி வரைக்கும் தாங்காது என்று தம்பியிடம் சொன்னவள் அல்லவா, தாங்குகிறதா இல்லையா பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தெற்கு மாசி வீதி பார்க்காமல் எப்படி, நடப்போம் என்றேன்.

"சரிங்க" என்றாள்.

தெற்கு மாசி முழுக்க நடந்தோம். துணிக்கடைக்குத் துணிக்கடை நின்றாள். எந்தக் கடையிலும் துணியைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இன்னைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு அமைஞ்சதே இல்லைங்க என்றாள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

சந்தேகம் உறுதியாகிவிட்டது. இருந்தும் சந்தோஷமாக இல்லை.

ஜூலை 6

எழுந்திருக்கவில்லை. அலுப்பாம். ஓட்டலில் இட்லி வாங்கி வந்தேன். பாதியை வைத்துவிட்டாள்.

ஜூலை 7

இன்றும் படுக்கை. கணுக்கால் இரண்டும் உப்பியிருக்கிறது. அவ்வளவு தூரம் நடந்தால் யாருக்கும் உப்பும். என் முட்டியும்தான் வலிக்கிறது, நான் படுத்துக்கொண்டேனா?

ஜூலை 8

சோலைமலை வந்தான். என் வீட்டு வாசலுக்கு, ஆட்டோவில், இத்தனை வருஷத்துக்குப் பிறகு. நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். தலை நரைத்துவிட்டது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை தெரிந்தது, அவனுக்கும் சர்க்கரை வந்துவிட்டது போலிருக்கிறது.

"மாமா, என்னைய என்ன வேணாலும் வைங்க. அக்காவை மட்டும் நடக்க வைக்காதீங்க."

நடக்க வைத்தால் உன் குட்டு உடைந்துவிடுமோ என்று கேட்டேன். அவன் கண் கலங்கியது. ரசீதுக்கும் இப்படித்தான் கலங்கினான். மாத்திரை அட்டையைக் கேட்டின் மேல் வைத்துவிட்டு, அக்காகிட்டக் குடுத்துருங்க என்று போய்விட்டான். வல்லியிடம் கொடுத்தேன். கால் வலிக்கு என்று வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 12

எழுந்து நடமாடுகிறாள். இன்று என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். புளி எவ்வளவு, எப்போது இறக்குவது, கொதிக்க விட்டால் கெட்டது என்றெல்லாம். மளிகை எங்கே இருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே, என் பழைய பனியன்களில் எது நல்லது, எல்லாம் காட்டினாள்.

இப்போது எதற்கு என்றேன். தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுதானே என்றாள்.

விட்டுவிட்டுப் போகிறவள் செய்கிற காரியம் இது. ரசம் கொதித்துவிட்டது. அவள் குடித்துவிட்டு நல்லாருக்குங்க என்றாள். இந்தப் பொய் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஜூலை 17

காலண்டர் பல நாளாகக் கிழிபடாமல் தொங்கியது. ஆணியில் சற்று உயரமாக மாட்டியிருக்கிறோம், கை தூக்கினால் இரைக்கிறது, நீங்கள் கிழியுங்கள் என்று வல்லி சொன்னாள். கற்றையாகக் கிழித்தேன். இன்றைய தாள் வந்தது. பெரிய எழுத்தில் பதினேழு. அதற்குக் கீழே, நான் ஒருநாளும் பார்க்காத இடத்தில், ஆடி 1.

ஆடி.

தாளைப் பிடித்தபடியே நின்றேன். ஆடியில வேணாம். ஆவணியில வச்சுக்கிருவோம். மாசி வரைக்கும் தாங்காதாம்.

"வல்லி, ஆடியில எது வேணாம்?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"ஆப்பரேசன்" என்றாள்.

இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் அப்போதே பழுதானது, இப்போது முற்றிவிட்டது. அந்த வடக்கு ஆவணிக் கட்டடத்து லேபில்தான் படம் எடுத்திருக்கிறார்கள். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாளாம், அந்தக் காவலாளி நாற்காலியோடு தூக்கி இறக்கினானாம். காலில் நீர் கோத்து மெட்டி இறுக்கி விரல் நீலம் பாய்ந்தபிறகுதான் கழற்றியிருக்கிறாள், சோப்பைத் தடவி. உப்பும் தண்ணீரும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுமாம், தலையணை அடுக்கியது அதற்குத்தான். தையில் கோதைக்குப் பிரசவம், அதைப் பார்த்துவிட்டு மாசியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். மாசி வரைக்கும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடியில் உடம்பில் கத்தி வைக்க இவளுக்கு மனமில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"சொன்னா நீங்க ஆயிரம் கேள்வி கேப்பீங்க. எனக்கே ஒண்ணுக்கும் பதில் தெரியாதப்ப நான் என்னத்தச் சொல்ல?"

ஜூலை 18

டாக்டரிடம் போனோம். சோலைமலைக்கு நானே போன் செய்து வரச்சொன்னேன். இப்போதே செய்துவிடுங்கள் என்றேன். மாத்திரையைக் கூட்டித் தருகிறேன், ஆவணிப் பிறப்பு வரை சமாளிக்கலாம், உடம்பில் கோத்த நீரையும் முதலில் வடியவைக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர் முகம் சுளித்தார். சமீபத்தில் ரொம்ப தூரம் நடந்திருக்கிறார்கள் போலிருக்கிறதே, யார் நடக்க விட்டது என்று கேட்டார்.

வல்லி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். சோலைமலை லேப் படத்தை உறைக்குள் போட்டான்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஆடி 20

காலண்டர் இப்போது என் இலாகா. உப்பில்லாத சமையலும். ரசம் கொதிக்காமல் இறக்கிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவைப்பதைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆவணி 4

ஆஸ்பத்திரி. நாளைக்கு ஆப்பரேஷன். நர்ஸ் வந்து தோடு, தாலி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மெட்டி ஏற்கெனவே என் சட்டைப் பையில் இருக்கிறது. கடுகு டப்பாவிலிருந்து எடுத்து வந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

வல்லி ஒன்று கேட்கவா என்றாள். கேள் என்றேன்.

"அன்னைக்கு என்னைய எதுக்கு டவுனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

சும்மாதான், ஊரைப் பார்க்க என்றேன்.

"ஊரையா பாத்தீங்க? முக்குக்கு முக்கு என் மூஞ்சியத்தான பாத்தீங்க." கோபம் இல்லை அவள் குரலில். "எனக்கு அன்னைக்கே தெரியுங்க. போனா போகுதுன்னுதான் நடந்தேன். சந்தேகப்பட்டாவது கூட்டிட்டுப் போனீங்களே. இத்தனை வருசத்துல என் மூஞ்சிய அம்புட்டு நேரம் நீங்க பாத்தது அன்னைக்குத்தான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆவணி 5

உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் ஆகிறது.

தியேட்டர் இருக்கும் மாடிக்கு ஒரு ஆளுக்குத்தான் பாஸ். சோலைமலையை வாசலில் காவலாளி நிறுத்திவிட்டான். என் பாஸை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். என்னிடம் பாஸ் கேட்டபோது, பையில் இருக்கிறது, எடுக்க நேரமில்லை என்று அதட்டிவிட்டு உள்ளே நடந்தேன். பக்கத்து நாற்காலியில் அவன் விசும்பிக்கொண்டிருக்கிறான். அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறேன்.

யாராவது வெளியே வந்து ஏதாவது சொல்ல மாட்டார்களா?

ஆவணி 6

கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். குழாய் வைத்திருப்பதால் பேச்சு இல்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

தை 4

கோயம்புத்தூர். பெண் குழந்தை. கோதையும் குழந்தையும் நலம். வல்லிதான் முதலில் கையில் வாங்கினாள். குனிந்து தொட்டிலைச் சரிசெய்தபோது அவள் காலைப் பார்த்தேன். வீக்கம் சுத்தமாக இல்லை.

மாசி 1

மதுரைக்குத் திரும்பிவிட்டோம். காலையில் தாளைக் கிழித்துவிட்டு மெட்டியைப் போட்டுவிட்டேன். சரியாக ஏறியது.

சாயங்காலம் அரக்குச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு வந்து, கிளம்புங்க என்றாள். கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி மெதுவாக மேல மாசி வரைக்கும் நடந்தோம். அவள்தான் கூட்டிப்போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.